இரண்டாம் காட்சி விட்ட பிறகு

இலங்கைச் சுற்றுலாச் சபை தொடங்கிய 1966ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 18,969 பேர். 2018இல் அந்தத் தொகை 23 இலட்சத்தைத் தாண்டியது. நடுவில் பலமுறை விழுந்து எழுந்து, 2024இல் மறுபடியும் 20 இலட்சத்துக்கு மேலே வந்து நின்றது. கொழும்பின் இரவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் அடங்கியவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். ஆனால் இந்த நகரத்துக்கு எக்காலத்திலும் வேறொரு விருந்தாளியும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வழக்கு விஷயமாக வந்தவர், மட்டக்களப்பிலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர், ஹட்டனிலிருந்து கடைக்குச் சாமான் எடுக்க வந்தவர். எந்தச் சபையும் அவரை எண்ணியதில்லை. அவருடைய இரவு கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ கழிந்தது. அந்த இரவு அன்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

எண்ணப்பட்டவர்களைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கப்பல் காலத்தில் அவர்கள் கொழும்பில் இறங்கியது பெரும்பாலும் ஓரிரு இரவுக்கு. துறைமுக வாசலுக்கு எதிரே கிராண்ட் ஓரியன்டல் ஹொட்டல். சகாலின் தீவிலிருந்து ஊர் திரும்பும் வழியில், 1890 நொவம்பரில், செக்கோவ் தங்கியது அங்கேதான். காலிமுகத்திடலின் தென்முனையில் 1864 முதல் கோல்பேஸ் ஹொட்டல். பிறகு 1960களில், அப்போது நகரத்தின் மிக உயர்ந்த கட்டடமாயிருந்த சிலிங்கோ ஹவுஸின் உச்சியில் ‘ஆகாச கடே’ என்றொரு உணவகம் இருந்தது. துறைமுக விளக்குகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்பது அதன் பெருமை. அந்த இடங்களில் நடனமும் இசைக்குழுவும் விடியும்வரை இருந்தன. நம்மவர்களில் அங்கே ஏறியவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குக் கோட்டையின் இரவு, வேலை முடிந்து வெளியேறும் வழியில் கண்ணில் படுகிற வெளிச்சம் மட்டுமே.

மற்ற விருந்தாளி ரயிலில் வந்தார். யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. அது பகல் வண்டி. அதற்கு முன்னும் பின்னும் இரவு மெயில் இருந்தது. கோட்டை நிலையத்தில் இறங்கியவருக்கு எதிரே புறக்கோட்டை, அதற்கப்பால் செட்டியார் தெரு, ஐந்துலாம்புச் சந்தி, கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை. 1960 வரை கிராண்ட்பாஸ் பக்கமும் பொரளைப் பக்கமும் ட்ராம் ஓடிற்று. 1953இல் வந்த ட்ரொலி பஸ் அதற்கு மாற்றாக வந்தது. அதுவும் 1964இல் நின்றுபோயிற்று. உறவினர் வீடு இருந்தால் அங்கே பாய். இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் ஓர் அறை, அறைக்குள் முன்பின் அறியாத இரண்டு பேர். பெட்டியை வைத்து முகம் கழுவியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி எங்கே என்ன படம் ஓடுகிறது என்பதுதான்.

கொழும்பின் வடபகுதியில் தமிழ்ப் படம் காட்டிய கொட்டகைகள் ஒரு நடைத் தூரத்துக்குள் இருந்தன. செல்லமஹால், கெயிட்டி, கிங்ஸ்லி என்ற பெயர்களை இன்று எழுபதைத் தாண்டியவர்கள் சொந்தக்காரர் பெயரைச் சொல்வது போலச் சொல்வார்கள். சினிமாத் தொழிலும் முழுக்க அந்நியருடையதாக இருக்கவில்லை. 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய சித்தம்பலம் கார்டினர் தமிழர். இன்று அவருடைய பெயரால் ஒரு மாவத்தை இருக்கிறது. அதன் வழியே போகும் பலருக்கு அவர் யாரென்று தெரியாது. இதற்கும் முந்திய இரவுகள் நாடகத்தினுடையவை. மருதானையில் 1911இல் திறந்த டவர் மண்டபத்தில் ஜோன் டி சில்வாவின் சிங்கள நாடகங்களுக்கு மெட்டமைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லவ்ஜி. பம்பாயிலிருந்து கப்பலேறி வந்த பார்சி நாடகக் கம்பனிகள் இந்தக் கடற்கரையில் விட்டுப்போன ராகங்களைத் தமிழரும் சிங்களவரும் ஒரே மாதிரி முணுமுணுத்தார்கள். இரவுக் கேளிக்கை என்பது கொழும்பில் எப்போதும் கடல் வழியாக வந்த சரக்காகவே இருந்திருக்கிறது. அதைச் சொந்தமாக்கியவர்கள் மட்டும் உள்ளூர்க்காரர்கள்.

இரவு ஒன்பதரைக் காட்சிதான் இரண்டாம் காட்சி. அது விடும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். பஸ் கிடையாது. கூட்டமாக நடந்தார்கள். கொட்டகை வாசலில் கச்சான் சுருளும் பிளேன்ரீயும் விற்கிறவர்கள் அந்தக் கூட்டத்துக்காகவே விழித்திருந்தார்கள். ஜம்பட்டா வீதி, ஆமர் வீதி, புளுமெண்டால் வீதி என்று கூட்டம் பிரியப் பிரியப் பாட்டு மட்டும் தெருவில் எஞ்சியிருக்கும். ஊரிலிருந்து வந்தவருக்கு வழி தெரியாவிட்டாலும் கவலையில்லை. அதே தெருவுக்குப் போகிற ஒருவர் எப்படியும் இருப்பார். அவர் எந்த மொழி பேசுகிறார் என்பதை அந்த நேரத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எம்.ஜி.ஆர். 1965இல் இலங்கை வந்தபோது அவரைக் காணத் திரண்டவர்களும் தமிழர் மட்டுமல்ல.

வெள்ளவத்தையின் இரவு இதற்கு நேர்மாறானது. எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் வைத்தியர்களும் வாழ்ந்த ஊர் அது. இரவு எட்டு மணிக்கு வானொலியில் செய்தி, அதற்குப் பிறகு சோறு, பிறகு விளக்கணைப்பு. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்திலும் இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் சொற்பொழிவோ கச்சேரியோ இருந்தால் ஒரு மணிநேரம் தள்ளிப் போகும். ஆங்கிலப் படம் பார்க்க விரும்பியவர்களுக்கு சவோய். நெசவாலையில் ஷிப்ட் மாறும்போது காலி வீதியின் உட்புறம் சற்று அசையும். மற்றபடி ரயில் பாதையைக் கடந்து கடற்கரைப் பாறைகளில் காற்று வாங்குவதுதான் அந்த ஊரின் இராக்கேளிக்கை. கொட்டாஞ்சேனைக்காரர்கள் வெள்ளவத்தையை ‘பென்சன் ஊர்’ போலப் பார்த்ததில் வியப்பில்லை. அந்தப் பார்வையில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

இந்த இரண்டு ஊர்களும் ஆண்டுக்கொரு முறை ஒரே இரவில் கைகோத்தன. ஆடி வேல் விழா. கதிர்காம யாத்திரை கொள்ளைநோய்க் காரணத்தால் தடைப்பட்ட 1870களில் செட்டிமார் தொடங்கியது. செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து தேர் புறப்பட்டுக் கோட்டை, காலிமுகத்திடல் வழியாகப் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை நோக்கி வரும். காலி வீதியின் இருபக்கமும் கரும்பும் பம்பாய் மிட்டாயும் வளையலும் விளையாட்டுச் சாமான்களும் குவிந்திருக்கும். அந்த இரவுகளில் சிங்களக் குடும்பங்களும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். வெசாக் பந்தல் பார்க்கத் தமிழ்க் குடும்பங்கள் போன மாதிரி. ஜூன் 13இல் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், பொன்னம்பலம் இராமநாதன் 1907க்கும் 1912க்கும் இடையில் கருங்கல்லால் திரும்பக் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் சிவராத்திரி. இரவு முழுதும் வீட்டுக்கு வெளியே இருக்கப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கேள்வியில்லாத அனுமதி கிடைத்தது இந்த நாட்களில்தான். இரண்டாம் காட்சிக் கூட்டத்தில் தனியாக வந்த பெண்ணை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கால இரவைப் பற்றி உருகுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதற்கு இதுவே காரணம்.

உருகுவதற்கு இன்னொரு தடையும் உண்டு. கொழும்பின் இரவு எப்போதுமே கடன் வாங்கிய இரவு. எந்த நேரமும் திருப்பிக் கேட்கப்படலாம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. போர்க்காலம் முழுதும் நகரம் விளக்கை மறைத்துக்கொண்டு கிடந்தது. 1953 ஹர்த்தால், 1958 மே கலவரமும் அவசரகாலச் சட்டமும், 1971 ஏப்ரல் கிளர்ச்சி என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் ஊரடங்கு வாய்த்தது. 1958இல் ஓடி ஒளிந்தவர்களே பிறகு 1960களில் இரண்டாம் காட்சிக்குப் போனார்கள். மறந்ததால் போனார்களா, மறப்பதற்காகப் போனார்களா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

1983 ஜூலை 24 இரவு பொரளைக் கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து தொடங்கிய தமிழர் மீதான வன்முறை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. மறுநாள் பட்டப்பகலில் வெள்ளவத்தை எரிந்தது. ஊரடங்கு பிற்பகலில்தான் வந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிக் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகு சில ஆண்டுகள் வேல் தேர் காலி வீதிக்கு வரவில்லை. 1982இல் நான்கு இலட்சத்தைத் தாண்டியிருந்த வெளிநாட்டுப் பயணிகள் தொகை அடுத்த ஆண்டில் 3,37,530 ஆகக் குறைந்தது. அது பிறகு மெல்ல மீண்டது. இரண்டாம் காட்சிக் கூட்டம் மீளவில்லை.

வெள்ளவத்தை மட்டும் விசித்திரமாக நிறைந்தது. 1990 ஜூனில் யாழ்தேவி நின்றது. வடக்கிலும் கிழக்கிலும் போர் மூண்டபோது, தமிழர்களைத் துரத்திய அதே நகரத்துக்குத் தமிழர்கள் முன்னிலும் அதிகமாக வந்து சேர்ந்தார்கள். காலி வீதியின் ஒழுங்கைகளில் தனிவீடுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழுந்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் லொட்ஜுகள் பெருகின. அவற்றில் தங்கியவர்களைச் சுற்றுலாப் பயணி என்றோ குடியிருப்பாளர் என்றோ சொல்ல முடியாது. அவர்கள் காத்திருந்தவர்கள். கனடா வீசாவுக்கு, பரிஸிலுள்ள மாப்பிள்ளையின் கடிதத்துக்கு, முகவர் சொன்ன திகதிக்கு, ஆஸ்பத்திரி அறிக்கைக்கு. ஒரு வாரம் என்று வந்தவர் இரண்டு வருடம் இருந்தார்.

அவர்களுடைய இரவுக்கு ஒரு தனி முகவரி இருந்தது: ‘கொமியூனிகேசன்’. வெளிநாட்டு அழைப்புக்கான சிறு கடை. ரொறன்ரோவில் பகலாகும்போது இங்கே இரவு. லண்டனில் வேலை முடிகிறபோது இங்கே நள்ளிரவு. ஆகவே இரவு பத்து மணிக்குப் பிறகும் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு வெளியே வாங்கில் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் அழுதுகொண்டு வெளியே வருவார், அடுத்தவர் சிரித்துக்கொண்டு உள்ளே போவார். எவர் வீட்டுச் செய்தியும் எல்லோருக்கும் கேட்கும். எழுத்தாளர்கள் யாரும் அந்தக் கடைகளைச் சரியாக எழுதவில்லை என்பது என் குறை. இன்று அதே அழைப்பு வட்ஸ்அப்பில், படத்தோடு, காசில்லாமல், படுக்கையில் கிடந்தபடி நடக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் பழையது நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் காலத்து இரவில் தெருவில் இறங்குகிறவர் சட்டைப் பையில் தேசிய அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் வைத்திருக்க வேண்டும். எங்கே பிறந்தாய், ஏன் வந்தாய், எப்போது போவாய் என்ற மூன்று கேள்விகளுக்கும் சிங்களத்தில் விடை தெரிந்திருக்க வேண்டும். அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் நாலாவது கேள்வியும் வரும். இரவு பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துக்காரரோடு பேசும்போது குரல் தானாகத் தாழ்ந்தது. பிள்ளைகள் தமிழில் சத்தமாகக் கேள்வி கேட்டால் தாய்மார் தொடையில் கிள்ளினார்கள். 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கிக் குண்டு வெடித்தது. ஆகாச கடே இருந்த சிலிங்கோ ஹவுஸும் அதில் சிதைந்தது. தொண்ணூற்றுக்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு கோட்டையின் தெருக்கள் மறிப்புகளால் நிறைந்தன. மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே நாய்களும் காவலர்களும்தான். அலரி மாளிகைக்கு முன்னால் காலி வீதியும் நெடுங்காலம் மூடிக் கிடந்தது. அந்த ஆண்டுகளில் கொழும்பில் இரவு விடுதிகளும் சூதாட்டக் கூடங்களும் இல்லாமல் இல்லை. ஒரே நகரத்தில் ஒருவருக்கு நடன மேடையும் மற்றவருக்குச் சோதனைச் சாவடியும் ஒரே நேரத்தில் திறந்திருந்தன.

2007 ஜூன் 7 விடிவதற்கு முன்னர் அந்தக் காத்திருப்பு இரவுகளின் உச்சம் வந்தது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளின் கதவுகள் தட்டப்பட்டன. சாமான்களைக் கட்டச் சில நிமிடங்கள். 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருந்தார்கள் என்பது சொல்லப்பட்ட குற்றம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குத் தொடுத்தது. மறுநாளே உயர் நீதிமன்றம் தடையுத்தரவு கொடுத்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பிறகு வருத்தம் தெரிவித்தார். பலர் திரும்பி வந்தார்கள். 1956இல் ஒருவர் கொழும்புக்கு வர ஒரு ரயில் டிக்கெட் போதும். அரை நூற்றாண்டு கழித்து, அதே ஊர்க்காரருக்குத் தலைநகரில் ஓர் இரவு படுக்க ‘தகுந்த காரணம்’ வேண்டியிருந்தது.

போர் முடிந்த பின் வந்த மாற்றம் முதலில் கோட்டையில் தெரிந்தது. ஒல்லாந்தர் கட்டிய பழைய ஆஸ்பத்திரி 2011 டிசெம்பரில் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்தது. மறிப்புகள் எடுக்கப்பட்டன. 2013 ஒக்டோபரில் கட்டுநாயக்க அதிவேகப் பாதை வந்தது. லண்டன் விமானத்தில் நள்ளிரவில் இறங்கியவர் அரை மணி நேரத்தில் நகர எல்லையைத் தொட்டார். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாணம் போனது. 2015இல் பிக்மீ செயலி வந்தது. இரவு பதினொரு மணிக்கு ஓட்டோக்காரரோடு விலை பேசும் பெருங்கலை அதோடு பாதி செத்தது. அந்தச் சாவுக்காக அழுகிறவர்களை நான் சந்தித்ததில்லை.

வெள்ளவத்தை இன்று கொட்டாஞ்சேனையைத் தோற்கடித்துவிட்டது. ரயில் பாதையை ஒட்டிய மரைன் டிரைவில் இரவு பத்து மணிக்கும் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிப் போகிறார்கள். ஒடியற் கூழும் நண்டுக் கறியும் விற்கிற யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடைகள் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. பெண்கள் தனியாகவும் கூட்டமாகவும் வருகிறார்கள். அம்மம்மா இரண்டாம் காட்சிக்குத் தனியே போக முடியாத நகரத்தில் பேத்தி இரவு வேலை முடிந்து கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வீடு வருகிறாள். ஆனால் மதுக்கடையில் பெண் மது வாங்கக்கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் அமைச்சர் மங்கள சமரவீர நீக்கியபோது, சில நாட்களில் ஜனாதிபதி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். குடிப்பது நல்லதென்று நான் சொல்லவில்லை. இரவு யாருடையது என்ற கேள்வி இன்னும் வர்த்தமானியில் கிடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

நெசவாலை நின்ற இடத்தில் ஹவலொக் சிட்டி கோபுரங்கள். இரவு எட்டு மணியளவில் காலி வீதி நெடுக யாழ்ப்பாணத்துக்குப் போகும் சொகுசு பஸ்களும் அவற்றின் பயணிகளும். கோட்டை நிலையத்தில் இருந்த அந்தப் பழைய பரபரப்பு அப்படியே வெள்ளவத்தைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது: மூட்டை, வழியனுப்ப வந்தவர், தண்ணீர்ப் போத்தல், கடைசி நேரத்து மருந்துக் கடை ஓட்டம். ஏறியதும் குளிரூட்டி, போர்வை, திரையில் ஒரு படம். இரண்டாம் காட்சி இப்போது பஸ்ஸுக்குள் ஓடுகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்; பாதிப் பேர் காதில் தங்கள் சொந்தப் பாட்டை மாட்டியிருப்பதால் அந்த வேடிக்கையும் முழுதாகப் பொருந்தாது.

கொட்டாஞ்சேனைக்கு இவ்வளவு கிடைக்கவில்லை. கொட்டகைகள் பெரும்பாலும் போய்விட்டன. படம் பார்ப்பவர்கள் கோல்பேஸ் ஓரத்து வன் கோல்பேஸ் கடைத்தொகுதியிலோ வேறு பல்திரை அரங்கிலோ சாய்ந்த இருக்கையில் பார்க்கிறார்கள். முன்பு காலரிக்காரனும் பல்கனிக்காரனும் ஒரே வாசலால் வெளியே வந்தார்கள். இன்று வாசலே வாகனத் தரிப்பிடத்துக்குள் திறக்கிறது. 2019 ஏப்ரல் 21, இன்னொரு உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. அன்றிரவு ஊரடங்கு. ஜூன் 12இல், திருநாளுக்கு முதல் நாள், ஆலயம் திரும்பத் திறந்தது. மக்கள் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போனார்கள். கொட்டாஞ்சேனைத் தமிழருக்கு அது பழகிய வரிசை. அடுத்த வருடம் மார்ச் 20 முதல் கொள்ளைநோய் ஊரடங்கு. ஒரு நூற்றாண்டின் எல்லா ஊரடங்குகளையும் அறிந்த கிழவர்களுக்கும் அது புதியது, ஏனென்றால் முதன்முறையாக எல்லோரும் சமமாக அடைபட்டார்கள்.

2022இன் இரவுகளை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் ‘கோட்டாகோகம’ என்ற போராட்டக் கிராமம். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் கொழும்பின் பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்கவென்று ஒப்படைத்த திடல் அது. அங்கே கூடாரங்களும் நூல்நிலையமும் சமையலறையும் மேடையும் வந்தன. இரவெல்லாம் பாட்டும் பேச்சும் நடந்தன. மே 18 அன்று அதே திடலில் முள்ளிவாய்க்காலை நினைந்து கஞ்சி காய்ச்சினார்கள். சிங்கள இளைஞர்களும் வாங்கிக் குடித்தார்கள். விளக்கே இல்லாத அந்த மாதங்களில்தான், மூன்று மொழிகளும் ஒரே இருட்டில் பயமில்லாமல் பேசிக்கொண்ட இரவு, என் காலத்தில் திரும்ப ஒருமுறை வந்தது. ஜூலை 22 அதிகாலையில் படையினர் அதைக் கலைத்தார்கள்.

இப்போது அந்தத் திடலிலிருந்து வடக்கே பார்த்தால் கடலை நிரப்பி எழுப்பிய 269 ஹெக்டேயர் துறைமுக நகரம். கிழக்கே 350 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிறம் மாறும் தாமரைக் கோபுரம். 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. பேரே வாவிப் பக்கம் ‘சிற்றி ஒப் ட்ரீம்ஸ்’. 2025இல் அதன் சூதாட்ட மண்டபமும் திறந்தது. ஆகாச கடேயில் ஏறாதவர்களின் பேரப்பிள்ளைகளில் பலரும் இங்கேயும் ஏற மாட்டார்கள். சுற்றுலாச் சபை தொடங்கிய ஆண்டில் ஒரு டொலர் 4 ரூபா 76 சதம். இன்று ஏறக்குறைய 300 ரூபா. எண்ணப்படும் விருந்தாளிக்கு இந்த இரவு மலிவு. எண்ணப்படாத விருந்தாளிக்கு இது வெளியே நின்று படம் பிடிக்கிற இரவு. அவரும் படம் பிடிக்கத்தான் செய்கிறார், சந்தோஷமாகவே.

ஓகஸ்ட்டில் லண்டனிலிருந்தும் பரிஸிலிருந்தும் வருகிற பிள்ளைகள் வேறொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். லண்டனில் 2016 ஓகஸ்ட் முதல் வெள்ளி, சனி இரவுகளில் சில பாதைகளில் சுரங்க ரயில் விடியும்வரை ஓடுகிறது. பரிஸில் நள்ளிரவு பஸ்கள் இருக்கின்றன; லாச்சப்பல்லில் கடைசிக் கொத்து போட்டவரும் அதில் ஏறி வீடு போவார். இங்கே ஒன்பது மணிக்கே பஸ்கள் அருகிவிடும், பத்துக்கு மேல் கரையோர ரயிலை நம்ப முடியாது. உணவகத்தில் நள்ளிரவுவரை தட்டுக் கழுவுகிற பையன் எப்படி வீடு போகிறான் என்று அவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அன்று இரண்டாம் காட்சி விட்ட கூட்டமும் நடந்துதான் போனது. வித்தியாசம், அது கூட்டமாக நடந்தது. இந்தப் பையன் தனியாகக் காத்து நிற்கிறான். கோபுரங்களுக்கு ஒதுக்கிய யோசனையில் நூறில் ஒரு பங்கை நகரம் அவனுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

அந்தப் பிள்ளைகள் இரவில் எங்கே போகலாம் என்று கேட்டால், கோபுரங்களை அவர்களே கண்டுபிடிப்பார்கள் என்பதால், நான் வேறு வழி சொல்வேன். மாலை ஆறரைக்குக் கொச்சிக்கடையில் தொடங்குங்கள். அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி. நடை சாத்துமுன் சிவன் கோயில்; வெளிச்சம் மங்கும் நேரத்தில் அந்தக் கருங்கல் தூண்களைப் பார்க்க வேண்டும். பிறகு செட்டியார் தெரு வழியாக, நகைக்கடைகள் கதவிழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடங்கள். பசித்ததும் ஓட்டோ பிடித்துப் புதுக்கடைக்குப் போங்கள். முன்பு நீதிமன்றக் கட்டடங்கள் பூட்டியதும் அடங்கிவிடும் பகுதியாக இருந்த அந்தத் தெருவில் இப்போது வாட்டிய கோழியும் பராட்டாவும் பழச்சாறும் நள்ளிரவு தாண்டியும் கிடைக்கும். நோன்பு மாதமென்றால் இன்னும் கலகலப்பு. அங்கிருந்து காலிமுகத்திடலில் ஓர் இசோ வடை. கடைசியாக மரைன் டிரைவில் ஒரு தேத்தண்ணி. பௌர்ணமி நாளென்றால் வேறெதுவும் குடிக்கக் கிடைக்காது, அதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒரே ஒரு எச்சரிக்கை. 2024 ஏப்ரலில் புதுக்கடையில் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் கொத்து ஒன்றுக்கு 1,900 ரூபா கேட்ட காணொளி நாடெங்கும் ஓடியது. கேட்டவர் பொலிஸில் மாட்டினார். ஆகவே தட்டில் கத்தி விழுமுன் விலையைக் கேட்டுவிடுங்கள். தமிழிலேயே, சத்தமாகவே கேட்கலாம். அங்கே எல்லோருக்கும் விளங்கும்.